சாவைப் புத்தகங்கள் எப்படிச் சொல்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பா இறந்த பிறகுதான் இந்த வகைப் புத்தகங்களைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் ஆறுதலுக்காக, அப்புறம் ஆர்வத்தால். பல வருஷமாகிவிட்டது. நண்பர்களும் தெரிந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், எனக்குத் தெரிந்த அளவில் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சாவைப் பற்றி எதற்குப் படிக்க வேண்டும்? மனம் இன்னும் கனத்துப் போகாதா?

கனக்கும். இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கனம் புத்தகத்திலிருந்து வருவதில்லை, ஏற்கெனவே நமக்குள் இருப்பதுதான். வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாகக் கிடக்கும்போது எதையெதையோ பேசுகிறோம், அந்த ஒன்றை மட்டும் பேசுவதில்லை. "சீக்கிரம் எழுந்து நடமாடப் போறீங்க, பாருங்க" என்கிறோம். அது பொய்யென்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். புத்தகம் அந்தப் பேச்சை ஆரம்பித்து வைக்கிறது. அது போதாதா?

மகாபாரதத்தில் ஒரு குளக்கரையில் யட்சன் தருமனைக் கேட்கிறான்: "உலகத்திலேயே பெரிய அதிசயம் எது?" தருமன் சொல்கிறான்: நாள்தோறும் உயிர்கள் எமனுலகம் போய்க்கொண்டே இருக்கின்றன, அதைப் பார்த்துக்கொண்டே மற்றவர்கள் தாங்கள் மட்டும் நிலைத்திருப்போம் என்று நினைக்கிறார்களே, அதுதான். எல்லாரும் ஒரு நாள் சாவோம் என்பது யாருக்குத்தான் தெரியாது? தெரிந்தும் உறைப்பதில்லை. பொதுவாகச் சொன்னால் உறைக்காது. ஒரு ஆளின் சாவாக, அவர் கழற்றிப் போட்ட சட்டையோடும் பாதியில் விட்ட வேலையோடும் காட்டினால்தான் உறைக்கும். நல்ல புத்தகங்கள் இதைத்தான் செய்கின்றன. கீழே பல பதில்களில் நான் இதற்கே திரும்பி வருவதைப் பார்ப்பீர்கள்.

எழுத்தில் சாவு எவ்வளவு பழையது?

எழுத்து எவ்வளவு பழையதோ கிட்டத்தட்ட அவ்வளவு. இன்று நம் கையில் இருக்கும் மிகப் பழைய நெடுங்கதைகளில் ஒன்று கில்காமேஷ் காவியம். மெசொப்பொத்தாமியாவில் களிமண் பலகைகளில் எழுதப்பட்டது. நினிவே நகரத்தில் அசுர்பனிபால் அரசனின் நூலகம் இருந்த இடிபாடுகளில் கிடைத்த பலகைகளிலிருந்து அதன் வெள்ளக் கதையை ஜார்ஜ் ஸ்மித் என்ற ஆய்வாளர் 1872இல் படித்துச் சொன்னார். அந்தக் காவியத்தின் மையமே சாவுதான்.

அரசன் கில்காமேஷின் உயிர் நண்பன் எங்கிடு நோயில் இறந்துபோகிறான். கில்காமேஷ் நம்ப மறுக்கிறான். ஆறு பகல், ஏழு இரவு உடலைப் புதைக்க விடாமல் பக்கத்திலேயே இருக்கிறான். நண்பனின் மூக்கிலிருந்து ஒரு புழு விழுகிறது. அதைப் பார்த்த பிறகுதான் விடுகிறான். எத்தனை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் எவரோ ஒருவர் அந்தப் புழுவை எழுத வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்! அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு ஒவ்வொரு முறையும் நேரம் பிடிக்கும்.

அப்புறம் அவன் சாகாவரம் தேடிப் புறப்படுகிறான். ஊழி வெள்ளத்தில் தப்பிச் சாகாமல் வாழும் உத்னபிஷ்டிம் ஒரு சோதனை வைக்கிறார்: ஆறு பகலும் ஏழு இரவும் தூங்காமல் இரு, பார்க்கலாம். உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுகிறான் கில்காமேஷ். நண்பனின் உடலுக்குக் காவலிருந்த அதே கணக்குதான், கவனியுங்கள். தூக்கத்தையே வெல்ல முடியாதவன் சாவை எப்படி வெல்வான்? "உறங்கு வதுபோலுஞ் சாக்காடு" என்ற குறளை (339) படிக்கும்போதெல்லாம் எனக்கு அவன் தலை தொங்கித் தூங்கிக்கொண்டிருக்கும் காட்சிதான் ஞாபகம் வருகிறது.

தமிழின் பழைய நூல்கள் சாவை எப்படிப் பார்க்கின்றன?

ஒரே மாதிரி பார்க்கவில்லை. அதுதான் அழகு. ஒரு நூல் தேற்றும், இன்னொன்று திட்டும், இன்னொன்று தோளைப் பிடித்து உலுக்கும்.

புறநானூற்றில் கணியன் பூங்குன்றனார் "சாதலும் புதுவது அன்றே" என்று அமைதியாகச் சொல்கிறார் (192). அந்த வரியைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அதற்கு இரண்டு பாட்டு தள்ளி, 194இல், பக்குடுக்கை நன்கணியார் இருக்கிறார். ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்கிறது, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. ஒரு பெண் பூச்சூடிக்கொள்கிறாள், இன்னொருத்தியின் கண்ணிலிருந்து நீர் சொட்டுகிறது. இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவனை "பண்பிலாளன்" என்கிறார் புலவர். சாவு இயல்புதான் என்று சொல்லும் பாட்டும், அதைப் படைத்தவனைப் பண்பில்லாதவன் என்று ஏசும் பாட்டும் ஒரே தொகுப்பில் இரண்டு எண் இடைவெளியில் இருக்கின்றன. துக்கத்தில் இருப்பவருக்கு இரண்டுமே தேவைப்படும், சில சமயம் ஒரே நாளில்.

எனக்கு மிக நெருக்கமானது 256ஆம் பாட்டு. கணவனை இழந்த பெண் குயவரைப் பார்த்துப் பேசுகிறாள். "கலம்செய் கோவே" என்று அழைக்கிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு வரும் சின்ன வெள்ளைப் பல்லியைப்போல இவரோடு எத்தனையோ வழிகளைக் கடந்து வந்தேன், அதனால் அவருக்கு நீங்கள் செய்யும் தாழியை எனக்கும் இடமிருக்கும்படி கொஞ்சம் அகலமாகச் செய்யுங்கள் என்கிறாள். அவள் அழுததாகப் பாட்டில் ஒரு சொல் இல்லை. ஒரு கைவினைஞரிடம் அளவு சொல்கிறாள், அவ்வளவுதான். அந்தப் பல்லியும் அந்த "அகலமாக"வும் போதும், முழு வாழ்க்கையும் தெரிந்துவிடுகிறது.

திருமூலரின் திருமந்திரத்தில் வரும் நாலு வரி இதற்கு நேர் எதிர்:

ஊரெல்லாம் கூடி ஒலிக்க அழுதிட்டுப்
பேரினை நீக்கிப் பிணமென்று பேரிட்டுச்
சூரையங் காட்டிடைக் கொண்டுபோய்ச் சுட்டிட்டு
நீரினில் மூழ்கி நினைப்பொழிந் தார்களே

இதில் என்னை உலுக்குவது இரண்டாம் வரி. உயிர் போன அடுத்த நிமிஷமே பெயரும் போய்விடுகிறது. "எப்ப எடுக்கிறீங்க?" என்றுதான் கேட்கிறோம், பெயர் சொல்லிக் கேட்பதில்லை. பல நூற்றாண்டுகள் கழித்துப் புதுமைப்பித்தன் 'செல்லம்மாள்' கதையைத் தொடங்கும்போது, அவளுக்கு மூச்சு ஒடுங்கியதைச் சொன்ன கையோடு அவள் பெயரற்ற வெற்றுடம்பு ஆனாள் என்று எழுதுகிறார். திருமூலரை நினைத்து எழுதினாரா என்பது வேறு விஷயம். ஆனால் கதை செய்வது என்ன? பெயர் போய்விட்டது என்று முதலில் சொல்லிவிட்டு, அந்தப் பெயரையே தலைப்பாக வைத்து, பக்கம் பக்கமாக அவளுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கிறது.

குண்டலகேசியைச் சொல்லாமல் விட மனமில்லை. ஐம்பெருங் காப்பியங்களில் ஒன்று, இன்று கிடைப்பது வெறும் 19 பாடல்கள். அதில் ஒரு பாட்டு, குழந்தைப் பருவம் செத்துத்தானே காளைப் பருவம் வந்தது, அது செத்துத்தானே மூப்பு வருகிறது என்று அடுக்கிக்கொண்டே போய், "நாளும்நாள் சாகின்றாமால் நமக்குநாம் அழாதது என்னோ" என்று கேட்கிறது. தினம் தினம் செத்துக்கொண்டுதான் இருக்கிறோம், நமக்கு நாமே ஏன் அழவில்லை? நூலே பெரும்பாலும் அழிந்துபோய், இந்தக் கேள்வி மட்டும் தப்பி வந்திருக்கிறது.

ஒரே ஒரு புத்தகம்தான் படிப்பேன் என்றால் எதைப் படிக்கலாம்?

தயங்காமல் சொல்வேன்: டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்'. 1886இல் வந்தது. சின்ன நாவல், இரண்டு மூன்று உட்காரலில் முடித்துவிடலாம்.

கதை சாவில்தான் தொடங்குகிறது. நீதிமன்றத்தில் சக அதிகாரிகள் செய்தித்தாளில் இவான் இலியிச் இறந்த அறிவிப்பைப் பார்க்கிறார்கள். ஒவ்வொருவர் மனதிலும் முதலில் ஓடுவது அந்தக் காலி இடத்தால் யாருக்குப் பதவி உயர்வு வரும் என்பது. இரண்டாவது, செத்தது அவன்தான், நான் இல்லை என்ற நிம்மதி. துக்கம் கேட்கப் போன நண்பர் உட்கார்ந்த மெத்தை இருக்கையின் சுருள்கம்பி சரியில்லை, அது அவரை எழுப்பி எழுப்பி விடுகிறது. அவர் அதோடு போராடிக்கொண்டிருக்க, எதிரில் விதவை அழுதுகொண்டே அரசாங்கத்திடமிருந்து இன்னும் கொஞ்சம் பணம் வாங்க வழியுண்டா என்று விசாரிக்கிறாள். சாவு வீட்டுக்குப் போய் வந்த எவருக்கும் தெரியும், இது மிகையே இல்லை. அழுகையும் கணக்கும் ஒரே அறையில்தான் உட்கார்ந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் டால்ஸ்டாய் பின்னால் போய் அந்த மனிதனின் வாழ்க்கையைச் சொல்கிறார். ஒழுங்கான, எல்லாரையும் போன்ற வாழ்க்கை. புது வீட்டுக்குத் திரைச்சீலை எப்படித் தொங்கவிட வேண்டும் என்று வேலையாளுக்குக் காட்ட ஏணியில் ஏறினவர் சறுக்கி, விலாவில் அடிபடுகிறார். சின்ன அடி. சிரித்துப் பேசி மறந்துவிடுகிறார். அங்கிருந்து வலி வளர்கிறது.

நடுவில் ஓர் இடம் இருக்கிறது. பள்ளியில் தர்க்கப் பாடத்தில் படித்த உதாரணம் அவருக்கு ஞாபகம் வருகிறது: காயஸ் ஒரு மனிதன், மனிதர்கள் சாகக்கூடியவர்கள், ஆகவே காயஸும் சாவான். காயஸுக்கு அது சரிதான். ஆனால் தான் காயஸ் இல்லையே! தான் வான்யா (இவானின் செல்லப்பெயர்). அம்மா, அப்பா, பொம்மைகள் எல்லாம் இருந்த வான்யா. அவனுக்குப் பிடித்த கோடுபோட்ட தோல் பந்தின் வாசனை காயஸுக்குத் தெரியுமா? யட்சனுக்குத் தருமன் சொன்ன பதில் இங்கே ஒரு தோல் பந்தின் வாசனையாக வந்து நிற்கிறது. இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிடவில்லை என்பது என் எண்ணம்.

இவான் இலியிச்சை வலியைவிட அதிகமாக வதைப்பது சுற்றியுள்ளவர்களின் பொய். ஏதோ சின்ன நோய், மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று எல்லாரும் நடிக்கிறார்கள். நடிக்காதவன் ஒருவன்தான், கெராசிம் என்ற வேலைக்கார இளைஞன். கால்களை உயர்த்தி வைத்தால் வலி குறைகிறது என்பதால், ராத்திரி முழுக்க அவர் கால்களைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எல்லாரும் ஒரு நாள் சாகிறவர்கள்தானே, இந்தச் சின்ன உதவியைச் செய்தால் என்ன என்று இயல்பாகச் சொல்கிறான். நோயாளியைப் பார்க்கப் போகும்போது என்ன பேசுவதென்று தெரியாமல் தவிப்பவர்கள் கெராசிமை ஒரு தரம் படித்துவிட்டுப் போகலாம்.

செத்தவர் யாரும் திரும்பி வந்து எழுதவில்லையே. எழுத்தாளர்கள் எப்படி எழுதுகிறார்கள்?

தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதும் துணிச்சல் கற்பனைக்கு மட்டும்தான் உண்டு. பிரேசில் எழுத்தாளர் மஷாதோ தெ அஸிஸ் 1881இல் ஒரு நாவலை இறந்துபோனவனையே சொல்ல வைத்தார். தன் பிணத்தின் சதையை முதலில் அரித்த புழுவுக்கு, கதை சொல்லும் அந்தப் பிராஸ் குபாஸ் தன் நூலைச் சமர்ப்பணம் செய்கிறான். செத்துவிட்டதால் இனி யாருக்கும் நல்லவனாகத் தெரிய வேண்டியதில்லை, உண்மையைச் சொல்லலாம். மார்கஸ் ஸூசக்கின் 'புத்தகத் திருடி' (2005) நாவலில் கதை சொல்வதே சாவுதான். இரண்டாம் உலகப்போர்க் காலம், வேலை அதிகம், களைத்துப்போன சாவு.

ஃபாக்னர் 1930இல் எழுதிய 'நான் சாகக் கிடக்கையில்' நாவலை எடுத்துக்கொண்டால், ஒரு தாயின் சாவை 15 பேர் மாறி மாறிச் சொல்கிறார்கள். இறந்த தாயும் ஒரே ஒரு முறை பேசுகிறாள். அவளுடைய கடைசிப் பையன் சின்னவன். அம்மா செத்த அன்று அவன் ஒரு பெரிய மீனைப் பிடித்து வெட்டியிருக்கிறான். சற்று முன் மீனாக இருந்தது இப்போது மீனாக இல்லை, அம்மாவும் அப்படித்தான். அவன் மனதில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஓர் அத்தியாயம் முழுவதுமே "என் அம்மா ஒரு மீன்" என்ற ஒரே வாக்கியம். படித்துச் சிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிடும்.

துணையை இழந்தவர்கள் எழுதிய நூல்களில் எவை உண்மையாக இருக்கின்றன?

தேறிவிட்டேன் என்று சொல்லாதவை. என் அளவுகோல் அதுதான்.

சி. எஸ். லூயிஸின் மனைவி ஜாய் 1960இல் புற்றுநோயில் இறந்தார். அந்த நாள்களில் அவர் நோட்டுப் புத்தகங்களில் எழுதியவை 1961இல் வேறொரு பெயரில் சிறு நூலாக வந்தன. துக்கம் இவ்வளவு பயம் மாதிரி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்றுதான் தொடங்குகிறார். பல ஆண்டுகள் கடவுள் நம்பிக்கையை விளக்கி எழுதிப் பேர் வாங்கியவர், இங்கே கதவைத் தட்டினால் உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம்தான் கேட்கிறது என்கிறார். மனைவியின் நல்ல படம் ஒன்றுகூடத் தன்னிடம் இல்லை, முகமும் மனதில் மங்குகிறது என்று பதறுகிறார். அந்தப் பதற்றம் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஜோன் டிடியனின் 'மாய நினைப்பின் ஆண்டு' (2005) இன்னும் கறாரானது. 2003 டிசம்பர் 30ஆம் தேதி இரவு, சாப்பாட்டு மேஜையில் பேசிக்கொண்டிருந்த கணவர் அப்படியே சரிந்து இறந்தார். அப்போது ஒரே மகளும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். பல வாரம் கழித்து டிடியன் கணவரின் துணிகளை எடுத்துக் கொடுத்துவிட முயல்கிறார். துணிகளைக் கொடுக்க முடிகிறது. காலணிகளிடம் வந்ததும் நின்றுவிடுகிறார். திரும்பி வந்தால் அவருக்குக் காலணி வேண்டுமே! நிதானமான, புத்திசாலியான ஒரு பெண், அவர் திரும்பி வருவார் என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்ததைத் தானே கண்டுபிடிக்கும் இடம் அது.

எங்கள் வீட்டில் அது காலணி இல்லை, கண்ணாடி. அப்பா போய் மூன்று மாதம் கழித்து அவருடைய மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைக்கப் போனேன். இடது பக்கத்தில் அவர் கட்டைவிரல் ரேகை படிந்திருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துடைக்காமல் கூட்டில் வைத்து மூடிவிட்டேன். இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று அப்போது நினைத்தேன். ஒரு வருஷம் கழித்து அந்தக் காலணிப் பக்கத்தைப் படித்தபோது, பைத்தியம் இல்லை என்று தெரிந்தது.

துக்கத்துக்கு ஐந்து நிலைகள் உண்டு என்கிறார்களே, அது சரியா?

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர் ராஸ் 1969இல் எழுதிய நூலிலிருந்து வந்தது இது. ஆனால் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த நூலுக்காக அவர் பேசியது சாகக் கிடக்கும் நோயாளிகளிடம். இழந்துவிட்டு இருப்பவர்களைப் பற்றி எழுதப்பட்டதில்லை அது. பிற்பாடுதான் உலகம் அதைத் துக்கத்துக்கான கால அட்டவணையாக மாற்றிக்கொண்டது. நான் இன்னும் கோபத்திலேயே இருக்கிறேனே, ஏற்புக்கு வரவில்லையே என்று தன்னைத் தானே குறை சொல்லிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அப்படி எந்த வரிசையும் கிடையாது. மூலநூலைப் படியுங்கள், அதில் நிலைகளைவிட நோயாளிகளின் சொந்தக் குரல்கள் பெரிது. அவர்கள் கேட்டதெல்லாம் யாராவது உட்கார்ந்து காது கொடுக்க வேண்டும் என்பதுதான்.

மருத்துவர்கள் எழுதியவற்றில்?

இரண்டைச் சொல்வேன். அதுல் கவாண்டே 2014இல் எழுதிய நூல், மருத்துவம் உயிரை நீட்டிக்கக் கற்றுக்கொண்ட அளவுக்குக் கடைசி நாள்களை நடத்தக் கற்றுக்கொள்ளவில்லை என்கிறது. தன் தந்தையின் நோயையும் அதில் மறைக்காமல் எழுதுகிறார். கடைசிக் கட்டத்தில் இருப்பவரிடம் "உங்களுக்கு எது முக்கியம், எதை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள்?" என்று கேட்கக் கற்றுக்கொண்டதுதான் அந்த நூலின் சாரம். வயதான பெற்றோர் உள்ள எல்லாரும் முன்கூட்டியே படிக்க வேண்டியது.

இன்னொன்று பால் கலாநிதி எழுதியது. மூளை அறுவை மருத்துவராகப் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருந்தவருக்கு நுரையீரல் புற்றுநோய். 2015இல், 37 வயதில் இறந்தார். நூல் அடுத்த ஆண்டு வந்தது. அவரால் முடிக்க முடியவில்லை. மனைவி லூசி எழுதிய பின்னுரையோடுதான் முடிகிறது. அவர் எழுத்து நின்றுபோகும் இடத்துக்கும் அவள் எழுத்து தொடங்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு வெற்றுப் பக்கத் திருப்பம் இருக்கிறது. அந்த நூலில் நான் அதிக நேரம் நின்ற இடம் அதுதான்.

சாவே இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று யாராவது எழுதியிருக்கிறார்களா?

நிறையப் பேர். யாரும் அதைச் சொர்க்கமாகக் காட்டவில்லை. 'கலிவரின் பயணங்கள்' (1726) நூலில் ஸ்ட்ரல்ட்பிரக் என்ற சாகாத மனிதர்கள் வருகிறார்கள். சாவு வராது, மூப்பு மட்டும் வரும். பல்லும் முடியும் கொட்டி, ஞாபகம் தப்பி, எண்பது வயதானதும் சட்டப்படி இறந்தவர்களாகக் கணக்கு வைக்கப்பட்டு, வாழ்ந்துகொண்டே இருப்பார்கள். சரமாகோ 2005இல் எழுதிய நாவலில், ஒரு நாட்டில் புத்தாண்டு பிறந்த நொடியிலிருந்து யாரும் சாவதில்லை. முதலில் கொண்டாட்டம். கொஞ்ச நாளில், இழுத்துக்கொண்டு கிடப்பவர்களை எல்லைக்கு அப்பால் தூக்கிப் போகிறார்கள் குடும்பத்தார், அங்கேயாவது உயிர் பிரியட்டும் என்று. அன்பில்லாமல் செய்வதாக அவர் எழுதவில்லை, அன்பால்தான் செய்கிறார்கள்.

குழந்தைகளுக்கு இதையெல்லாம் படித்துக் காட்டலாமா?

காட்டலாம். குழந்தைகள் எப்படியும் கேட்கிறார்கள். நாம்தான் பேச்சை மாற்றுகிறோம். "தாத்தா தூங்கிட்டார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். குறளில் பெரியவர்களை அமைதிப்படுத்தும் அதே உவமை, சின்னப் பிள்ளையை ராத்திரி தூங்கப் பயப்பட வைத்துவிடும். "இறந்துட்டார், இனி வரமாட்டார்" என்று நேராகச் சொல்லலாம்.

ஈ. பி. ஒயிட் எழுதிய 'சார்லட்டின் வலை' (1952) ஏழு எட்டு வயதுக்கு நல்லது. வில்பர் என்ற பன்றிக்குட்டியை வெட்டாமல் காப்பாற்ற, சார்லட் என்ற சிலந்தி தன் வலையில் சொற்களைப் பின்னுகிறது. பன்றி பிழைத்துவிடுகிறது. சிலந்தி தன் முட்டைப்பையை முடித்துவிட்டு, யாரும் இல்லாத மைதானத்தில் தனியாக இறந்துபோகிறது. ஒயிட் அதை மழுப்பவில்லை. 514 முட்டைகள் என்று எண்ணிக்கை சொல்கிறார், குஞ்சுகள் பொரிந்து காற்றில் பறந்து போவதையும் சொல்கிறார். மூன்று மட்டும் வில்பரோடு தங்கிவிடுகின்றன. ஆனால் சார்லட்டின் இடத்தை எதுவும் நிரப்பவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்.

இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு வொல்ஃப் எர்ல்புரூக் 2007இல் வரைந்து எழுதிய வாத்தும் சாவும் பற்றிய படக்கதை. சாவு வாத்தின் பின்னாலேயே நடந்து வருகிறது. இருவரும் பழகிவிடுகிறார்கள். குளத்தில் நனைந்து குளிரில் நடுங்கும் சாவை, வாத்து மேலே படுத்துச் சூடேற்றுகிறது. படித்துக் காட்டும்போது குரல் தழுதழுத்தால் பரவாயில்லை, பிள்ளை அதையும் கற்றுக்கொள்ளட்டும்.

படித்தால் சாவு பயம் போய்விடுமா?

எனக்குப் போகவில்லை. எபிகூரஸ் என்ற கிரேக்க அறிஞர் ஒரு தர்க்கம் சொன்னார்: நாம் இருக்கும்போது சாவு இல்லை, சாவு வரும்போது நாம் இல்லை, பிறகென்ன பயம்? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆங்கிலக் கவிஞர் பிலிப் லார்கின் 1977இல் வெளியான ஒரு விடியற்காலைக் கவிதையில் இதற்குப் பதில் சொல்லிவிட்டார். எதையும் பார்க்காமல் கேட்காமல் இல்லாமல் போவோமே, பயமே அதுதான் என்றார். விடிகாலை நாலு மணிக்கு விழித்துக்கொண்டு இருட்டைப் பார்த்துக் கிடந்தவர்கள் லார்கின் பக்கம்தான் நிற்பார்கள்.

மொந்தேன் என்ற பிரெஞ்சுக்காரர் கொஞ்சம் உதவுகிறார். சாவையே நினைத்துக்கொண்டிருங்கள், அதுவே தத்துவம் என்று முதலில் எழுதியவர், வயதான பிறகு மாறிவிட்டார். சாகத் தெரியாதே என்று கவலைப்படாதீர்கள், அந்த நேரம் வந்ததும் இயற்கையே சொல்லிக் கொடுக்கும் என்றார். ஒரு முறை குதிரையிலிருந்து விழுந்து சாவின் விளிம்புவரை போய் வந்திருந்தார். அந்த நிலை தூக்கத்துக்குள் நழுவுவது மாதிரி இதமாகவே இருந்தது என்று எழுதிவைத்திருக்கிறார். ஒருவர் தன் கருத்தை மாற்றிக்கொண்டதை மறைக்காமல் ஒரே நூலில் விட்டுப்போனது எனக்குத் தெம்பாக இருக்கிறது.

இந்த வகைப் புத்தகங்களைத் தொடக் கூடாத நேரம் உண்டா?

உண்டு. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்து போய்க்கொண்டிருந்தால், புத்தகத்தை மூடிவிட்டு ஒரு மனிதரிடம் பேசுங்கள். நண்பரோ, மருத்துவரோ, உதவி எண்ணில் பேசும் முன்பின் தெரியாத ஒருவரோ, யாராக இருந்தாலும் சரி. எழுத்து அந்த நேரத்தில் போதாது. 1774இல் வந்த கெதேயின் 'வெர்தர்' நாவலைப் படித்தவர்கள் அதில் தற்கொலை செய்துகொள்ளும் நாயகனைப் பின்பற்றிவிடுவார்கள் என்று பயந்து லைப்சிக் நகரத்தில் அதைத் தடை செய்தார்கள். தடை சரியா என்பது வேறு. ஆனால் தளர்ந்திருக்கும் மனதுக்கு ஒரு கதை எவ்வளவு பக்கத்தில் வர முடியும் என்பதை அன்றே உணர்ந்திருக்கிறார்கள்.

துக்கத்தில் இருக்கும் நண்பருக்குப் புத்தகம் பரிசாகக் கொடுக்கலாமா?

முதல் மாதம் வேண்டாம். நேரில் போய் உட்காருங்கள், பாத்திரம் கழுவிக் கொடுங்கள், இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பிறகு கொடுத்தாலும் "இதைப் படி, தெளிவு கிடைக்கும்" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். வைத்துவிட்டு வந்துவிடுங்கள், படித்தாயா என்று கேட்காதீர்கள்.

நானே துக்கத்தில் இருக்கிறேன். ஒரு பக்கம்கூடப் படிக்க முடியவில்லை. என்ன செய்வது?

படிக்காதீர்கள். கண் வரியில் ஓடும், மனம் ஓடாது. எனக்கு இரண்டு மாதம் அப்படித்தான் இருந்தது. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தேன். வாசிப்பு எங்கும் போய்விடாது, திரும்பி வரும்.

ஏதாவது வேண்டும் என்று தோன்றினால் நாவல் வேண்டாம், நினைவுக் குறிப்பும் வேண்டாம். புறநானூறு 112ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தே வரி. பாரி இறந்த பிறகு அவன் மகள்கள் இருவரும் பாடியது:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

போன மாதம் இதே நிலா, அப்பா இருந்தார். இந்த மாதம் இதே நிலா, அப்பா இல்லை. முதல் வரியும் மூன்றாம் வரியும் ஏறக்குறைய ஒன்றுதான், அ இ ஆகியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். நடந்தது முழுவதும் அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது. முதல் வரியை மட்டும் படித்துவிட்டு மூடி வைத்தாலும் சரி. மீதி நாலு வரிக்கு இன்னொரு ராத்திரி வரலாம்.